முந்நூறாவது பறவை

எங்கள் நோட்டில் ஒரு பறவை ஏற வேண்டுமென்றால் அதன் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு டிக் விழ வேண்டும். ஒன்று என்னுடையது, இன்னொன்று என் கணவருடையது. நான் மட்டும் பார்த்தால் செல்லாது, அவர் மட்டும் பார்த்தாலும் செல்லாது. கண்ணில் படாமல் குரல் மட்டும் கேட்டால் அதையும் எழுதலாம், ஆனால் அந்தக் குரலை இரண்டு பேரும் கேட்டிருக்க வேண்டும். கல்யாணமான இரண்டாம் வருஷம் நாங்களே போட்டுக்கொண்ட சட்டம் இது. வீட்டில் போட்ட மற்ற சட்டமெல்லாம் காற்றில் பறந்துவிட்டது. இதை மட்டும் இருபத்தாறு வருஷமாக இருவரும் மீறவில்லை என்று, ஏரிக்கரை விடுதியில் போய் இறங்கிய அன்று வரைக்கும் சொல்லித் திரிந்தேன்.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று ஒரு நாளைக்கு அறுபது பேரிடமாவது சொல்கிறேன். தூக்கத்திலும் சொல்வதாக அவர் புகார் செய்கிறார். அவர் மரப்பட்டறை வைத்திருக்கிறார். கதவு, ஜன்னல், அலமாரி எல்லாம் செய்வார்கள். பட்டறைக்குள் நுழைந்தால் இழைக்கிற மெஷின் போடும் சத்தத்தில் பல் கூசும். காதில் எதையாவது வைத்து அடைத்துக்கொண்டு வேலை பாருங்கள் என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று. "சத்தத்தக் கேட்டாத்தான் மரம் எப்படி ஓடுதுன்னு தெரியும்" என்பார். மரத்தைப் பற்றி அவரிடம் பேசி ஜெயிக்க முடியாது.

நோட்டும் பட்டறை நோட்டுதான். அளவு குறிக்க வாங்கிய கட்டிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டது, நீல அட்டை, நீளவாக்கில் திறக்கும். நாங்கள் போனபோது அதில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பறவைகள் இருந்தன. அதை முந்நூறு ஆக்கத்தான் இந்த ஆறு நாள் பயணம். கேட்டவர்களிடம் மட்டும் ஓய்வெடுக்கப் போகிறோம் என்று சொல்லிவைத்தோம்.

விடுதி முழுக்க மரம். அறையில் இரண்டு கட்டில், ஜன்னலோரம் ஒரு மேஜை, மூலையில் ஒரு இரும்புக் கணப்பு. அவர் உள்ளே நுழைந்ததும் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் கதவின் மூட்டைத் தடவிப் பார்த்தார். "பைன். சரியா காய விடல, அதான் பிடிக்குது" என்றார். ஜன்னலுக்கு வெளியே அதே பைன் வானம் முட்ட நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஏரி, ஏரிக்குப் பின்னால் மறுபடி பைன், அதற்கும் பின்னால் இன்னொரு ஏரி. எனக்கு வந்த களைப்பெல்லாம் போய்விட்டது.

விடுதிக்குள் போன் வேலை செய்யாது. படகுத்துறையின் நுனிக்குப் போனால் இரண்டு கோடு சிக்னல் வரும். தினமும் சாயங்காலம் அங்கே நின்று மகளோடு பேசினேன். அவளுக்கு மூன்று மாதத்தில் கல்யாணம். அவள் விஷயத்தில் என் கணவருக்கு உறவு வட்டத்தில் பெரிய பெயர். அவளே ஒரு பையனைப் பிடித்துப்போய், வெளியூரிலிருந்து நடுங்கிக்கொண்டே போனில் சொன்னபோது, மறு கேள்வி கேட்காமல் "சரிம்மா, நல்லது, சாப்பிட்டியா?" என்றாராம். என் அக்கா இதைத் தன் வீட்டுக்காரரிடம் சொல்லிக்காட்டியே அவரைப் பாதியாக்கிவிட்டாள். அப்பா என்றால் இப்படி இருக்க வேண்டுமாம். நானும் அசந்துதான் போனேன். ஒரு கதவுக்குக் கைப்பிடி வாங்க மூன்று நாள் யோசிக்கிற மனிதர் அவர்.

இது மாதிரிக் காட்டுக்கு முன்பே இரண்டு முறை போயிருந்ததால், எங்களுக்குப் புதிதாகக் கிடைக்கக்கூடியவை அங்கே இரண்டுதான். ஒன்று கட்டைவிரல் அளவே இருக்கும் ஒரு குருவி. உச்சாணிக் கிளையில் ஊசியிலைகளுக்குள்ளேயே இருந்துவிடும், குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் குரலும் ஊசி மாதிரி மெலிந்தது என்பதால் நாங்கள் அதற்கு ஊசிக்குருவி என்று பெயர் வைத்திருந்தோம். இன்னொன்று ஏரி நடுவில் வாழும் பெரிய நீர்ப்பறவை. வழிகாட்டி அதை ஏரிக்காரி என்றாள். வருகிற நாளில் வரும், கூப்பிடுகிற நாளில் கூப்பிடும், யார் பேச்சையும் கேட்காது என்றாள்.

வழிகாட்டிக்கு நாற்பது வயது இருக்கும். முன்பு காட்டிலாகாவில் மரம் எண்ணுகிற வேலை பார்த்தவள். எதையும் இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவாள். எங்களோடு வந்த இன்னொருவர் பல் டாக்டர். அவருடைய லென்ஸைத் தூக்கவே தனியாகச் சாப்பிட வேண்டும் என்பதால் முதல் நாளே அவருக்கு பீரங்கி என்று பெயர் வைத்துவிட்டோம். என் கேமரா ஏழு வருஷப் பழசு. அதை வைத்துக்கொண்டு எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. விராலடிப்பான் என்று ஒரு பருந்து உண்டு, தண்ணீரில் பாய்ந்து மீனைக் கவ்விக்கொண்டு எழும். அது நோட்டில் எப்போதோ ஏறிவிட்டது, படத்தில்தான் ஏறவில்லை. என்னிடம் இருந்த ஒரே படத்தில் அதன் வால் மட்டும் இருந்தது. அதற்காக நாலாம் நாள் காலையில் மறைவுக்குடிலில் உட்கார முன்கூட்டியே இடம் சொல்லி வைத்திருந்தோம்.

இரண்டாம் நாள் காலை பைன் காட்டுக்குள் நடந்துகொண்டிருந்தபோது வழிகாட்டி சட்டென்று நின்று விரலை உயர்த்தினாள். மேலேயிருந்து சீ சீ சீ என்று மெலிதாக ஒரு குரல் இறங்கியது. எனக்குக் கையெல்லாம் சிலிர்த்துவிட்டது. குருவி கண்ணில் படவில்லை. அந்த நிமிஷத்தையாவது பிடித்துவைக்கலாம் என்று, நின்றுகொண்டிருந்த மூன்று பேரையும் வரிசையாகப் படம் எடுத்துத் தள்ளினேன். என் கணவர் கண்ணை மூடி, முகமெல்லாம் மலர்ந்து நின்றார்.

"கேட்டீங்களா?" என்றேன்.

"அடடா, என்ன ஒரு குரல்" என்றார்.

காதில் எப்போதும் செருகியிருக்கும் தட்டைப் பென்சிலை எடுத்து, நோட்டில் முந்நூறு என்று எழுதி, தன் டிக்கைப் போட்டு என்னிடம் நீட்டினார். நானும் போட்டேன். பீரங்கி எங்கள் இருவருக்கும் கை கொடுத்தார். அன்று மத்தியானம் நான் இரண்டு கிண்ணம் சூப் குடித்தேன்.

சாயங்காலம் அறையில் உட்கார்ந்து படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தைப் பார்த்தால் அதில் என்ன கோளாறு என்று தேடுவது என் தொழில் புத்தி. எலும்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கண் அங்கே போய் நின்றுவிடும். முதல் படத்தில் வழிகாட்டியும் பீரங்கியும் இடது பக்கம் உச்சியைப் பார்க்கிறார்கள். என் கணவர் வழிகாட்டியின் விரலைப் பார்க்கிறார். இரண்டாவதில் வலது பக்கம் வேறு ஒரு மரத்தைப் பார்க்கிறார். மூன்றாவதில் வழிகாட்டியின் முகத்தைப் பார்க்கிறார். வழிகாட்டி சிரிக்க ஆரம்பித்த பிறகுதான், ஐந்தாவது படத்தில், கண்ணை மூடிக்கொண்டு ரசிக்கிறார்.

ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. இரண்டு வருஷமாக அலாரம் அடித்தால் நான்தான் எழுந்து நிறுத்துகிறேன், அவருக்குச் சோம்பல் என்று நினைத்திருந்தேன். ஃபிரிட்ஜ் கதவு சரியாக மூடாமல் கத்திக்கொண்டே இருக்கும், பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அதை அலட்சியம் என்று நினைத்து எத்தனை நாள் கத்தியிருக்கிறேன்.

நேரே கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. மறுநாள் காலை நான் செய்தது கேவலமான வேலை, அதை மறைக்க விரும்பவில்லை. சதுப்பு நிலத்துக்கு மேலே போட்ட பலகைப் பாதையில் நாங்கள் இருவர் மட்டும் நடந்துகொண்டிருந்தோம். காற்றுகூட இல்லை, ஒரு இலை அசையவில்லை. நான் நின்று, மேலே விரலைக் காட்டி, "ஊசிக்குருவி. கேக்குதா?" என்றேன்.

அவர் தலையைச் சாய்த்தார். கண்ணை மூடினார். "ம். ரெண்டு இருக்கும்போல" என்றார்.

ஒன்று என்று சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. காது போனதற்குக் கோபமில்லை, காது போகிறது, அதற்கு யார் என்ன செய்ய முடியும். நோட்டில் பொய் எழுதியதற்குக் கோபம். வழிகாட்டி படகோடு வந்துவிட்டதால் அப்போது எதுவும் பேச முடியவில்லை. அன்று முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தேன். அவர் என்ன ஆச்சு என்று இரண்டு முறை கேட்டார். நான் சொன்ன பதில் அவருக்குக் கேட்டதோ இல்லையோ, இரண்டு முறையும் தலையாட்டினார்.

நாலாம் நாள் மறைவுக்குடிலுக்குப் போனோம். அது ஏரிக்கரையில் ஒரு மரப்பெட்டி, அவ்வளவுதான். உள்ளே ஒரு பெஞ்சு, கேமராவை நீட்ட நாலு சின்ன ஜன்னல். விடிவதற்கு முன்பே உள்ளே விட்டு, மூன்று மணி நேரம் கழித்துத்தான் கதவைத் திறப்பார்கள். பேசக் கூடாது, அசையக் கூடாது, தும்மல் வந்தால் விழுங்க வேண்டும். பீரங்கி ஓரத்தில், நான் நடுவில், அவர் மறு ஓரத்தில். ஒரு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. தண்ணீர்மேல் பனி மெல்லக் கலைந்தது. எனக்குள் இருந்தது மட்டும் கலையவில்லை. தாங்க முடியாமல் அவர் காதருகே போய், "உங்களுக்குக் காது கேக்கல" என்று கிசுகிசுத்தேன்.

அவர் சிரித்த முகத்தோடு ஆமாம் என்று தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் எனக்கு ஓங்கிக் கத்த வேண்டும் போலிருந்தது. பீரங்கி உஷ் என்றார். நான் என் கணவருடைய பையிலிருந்து நோட்டை உருவி, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அவர் காதில் இருந்த பென்சிலையும் பிடுங்கி எழுதினேன்.

"நேத்து காலைல ஊசிக்குருவி கத்தவே இல்ல. நான் பொய் சொன்னேன்."

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். முகம் வெளுத்துவிட்டது. கையும் களவுமாகப் பிடிபட்டவரைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. பென்சிலை வாங்கினார்.

"எப்ப தெரியும்?"

"முந்தாநாள். போட்டோல. இது மாதிரி எத்தன?"

"எண்ணிப் பாக்கணும். நாலு வருஷமா குரல் கேட்டதா எழுதினதெல்லாம் நீ கேட்டது. நான் உன் மூஞ்சியப் பாத்து டிக் போட்டேன்."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?" நான் அழுத்திய அழுத்தலில் தாள் கிழிந்துவிட்டது.

அவர் எழுத ஆரம்பித்தார், நிறுத்தினார், மறுபடி எழுதினார். பலகையில் அளவு குறிக்கிற அதே நிதானமான எழுத்து. "ரெண்டு பேருக்கும் கேக்கணும்னு சட்டம். எனக்குக் கேக்கலன்னா நோட்டு நின்னுடும். இல்லாட்டி நீ தனியா ஒரு நோட்டு போட்டுடுவே."

நான் அதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் வெளியே தண்ணீரில் தொப்பென்று சத்தம் கேட்டது. பக்கத்தில் பீரங்கியின் கேமரா படபடவென்று அடித்துத் தள்ளியது. நான் நிமிர்ந்து பார்த்தபோது விராலடிப்பான் மீனோடு எழுந்து, சொட்டச் சொட்ட, பைன் மரங்களுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. என் கேமரா மடியில் இருந்தது. கண்ணில் தண்ணீர் வேறு. அது பருந்துக்காக வந்த தண்ணீர் இல்லை.

"போச்சா?" என்று எழுதினார்.

"போச்சு."

"என்னாலதான்."

"ஆமா."

பிறகு அவர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இன்னொண்ணும் இருக்கு. திட்டக் கூடாது."

"எழுதுங்க."

"நம்ம பொண்ணு போன்ல கல்யாண விஷயம் சொன்னப்பவும் எனக்கு ஒண்ணும் கேக்கல. வழக்கம்போல எதையோ சொல்றான்னு சரின்னுட்டேன். மறுநாள் நீ பேசினப்பதான் விஷயமே தெரியும்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது, நிறுத்த முடியாத சிரிப்பு. கழுத்துத் துணியை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினேன், பெஞ்சே ஆடியது. அக்கா, அவள் வீட்டுக்காரர், அப்பா என்றால் இப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சு, எல்லாம் ஒன்றாக வந்து மோதியது. பீரங்கி என்னை முறைத்தார். இவரும் அசடு வழியச் சிரித்தார்.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"கத்தியிருப்பேன். ரெண்டு நாள் கழிச்சு ஒத்துக்கிட்டிருப்பேன். அதுக்குள்ள அவ அழுதிருப்பா. அந்த மட்டுக்கும் நல்லதுதான்."

நான் பென்சிலுக்குக் கை நீட்டினேன். அவர் தரவில்லை. கீழே இன்னும் ஒரு வரி எழுதினார். "ஆனா அவ எப்படி சொன்னான்னு எனக்குத் தெரியாது. அத நான் கேக்கவே இல்ல."

என் சிரிப்பு நின்றுவிட்டது.

கதவு திறந்து வெளியே வந்ததும் பீரங்கி பெருமூச்சு விட்டார். "அறுநூறு படம். உங்களுக்கு எத்தன?"

"ஒண்ணுகூட இல்ல."

"அடப்பாவமே. ரெண்டு பேரும் அப்படி என்னத்தத்தான் எழுதினீங்க?"

"வீட்டு விஷயம்" என்றேன்.

திரும்பும் வழியில் நான் வேண்டுமென்றே பின்தங்கி வழிகாட்டியோடு நடந்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"அன்னைக்கே தெரியும் அக்கா. அண்ணன் மரத்தப் பாக்கல, என் விரலப் பாத்தாரு."

"சொல்லக் கூடாதா?"

"நான் எப்படிச் சொல்ல?" என்றவள், கொஞ்ச தூரம் நடந்த பிறகு, அந்த ஆறு நாளில் பேசியதிலேயே நீளமான பேச்சைப் பேசினாள். "இங்க வர்றவங்கள்ல நெறைய பேருக்கு அந்தக் குருவி கேக்காதுக்கா. வயசானா முதல்ல போற குரல் அதுதான். மெஷின்கிட்ட நிக்கறவங்களுக்கு இன்னும் சீக்கிரமா போயிடும். எங்கப்பாவுக்கும் போச்சு. காதுக்குக் கருவி வெச்சதும் திரும்பி வந்துச்சு. முதல் வாரம் பேப்பர் கசங்கற சத்தத்துக்கெல்லாம் எரிஞ்சு விழுந்தாரு. எல்லாருக்கும் வரும்னு சொல்ல முடியாது. போய்க் காட்டினாத்தானே தெரியும்."

மத்தியானம் அவர் ஜன்னலோர மேஜையில் நோட்டை விரித்து உட்கார்ந்தார். நாலு வருஷத்துப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். பார்த்த பறவைகளைத் தொடவில்லை. குரல் மட்டும் கேட்டதாக எழுதியிருந்தவற்றின் மேல் அடிக்கோலை வைத்து, நேராக ஒரு கோடு போட்டு அடித்தார். மொத்தம் பதினொன்று. கடைசியாக ஊசிக்குருவி. பட்டறையில் வீணான பலகையைத் தனியாக எடுத்துவைப்பது போல, பதற்றமில்லாமல் செய்தார். எனக்குத்தான் ஒவ்வொரு கோட்டையும் பார்க்கப் பொறுக்கவில்லை. அந்தப் பறவைகளையெல்லாம் நாங்கள் சேர்ந்து கேட்டோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், தனியாகத்தான் கேட்டிருக்கிறேன்.

முடித்தபின் பக்கங்களைப் பின்னோக்கித் திருப்பி, நூற்றெண்பத்தேழாம் பறவையில் நிறுத்தி, பென்சிலை என்னிடம் நீட்டினார்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அது ஒரு வால்நீண்ட கிளிப்பிடிப்பான். கிளிப்பிடிப்பான் என்று நாங்கள் வைத்த பெயர்தான். அன்று அவர் அதைப் பார்த்துக் கையைக் காட்டினார், நான் அந்தத் திசையில் கேமராவைத் திருப்பிக் கண்டபடி அமுக்கினேன். கண்ணால் பார்க்கவே இல்லை. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தபோதுதான் படத்தின் மூலையில் அது இருந்தது. பார்த்தேன் என்று சொல்லி டிக் போட்டுவிட்டேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு நீ என்கிட்ட, பறவை எங்க எங்கன்னு அஞ்சு தடவ கேட்டே. ராத்திரி கம்ப்யூட்டர் முன்னாடி குதிச்சே."

"பதினாலு வருஷமா ஏன் கேக்கல?"

"நீ குதிச்சது நல்லா இருந்துச்சு" என்றார்.

நான் என் பொய்யையும் அடித்தேன். அவர் அட்டையில் மொத்தக் கணக்காக இருந்த முந்நூறையும் அடித்து, இருநூற்றெண்பத்தெட்டு என்று எழுதினார். பிறகு நாங்கள் குடிலில் எழுதியதற்கு முந்தின பக்கத்தைத் திருப்பி, மேலே 'மறுபடி கேக்க வேண்டியது' என்று தலைப்புப் போட்டு வரிசையாக எழுதினார். எழுதி முடித்ததும் நான் எண்ணினேன்.

"பன்னண்டு இருக்கே. பதினொண்ணுதானே அடிச்சீங்க?"

"மொத வரியப் பாரு."

முதல் வரியில் பறவை இல்லை. மகள் என்று எழுதியிருந்தது.

"ஊருக்குப் போனதும் காது டாக்டர்கிட்ட நேரம் வாங்கு" என்றார் நோட்டை மூடிக்கொண்டே.

"நானே வாங்கறேன். நீங்க வாங்கினா, அவங்க என்ன கேட்டாலும் தலையாட்டிட்டு, பல்லப் பிடுங்கிக்கிட்டு வந்து நிப்பீங்க."

அதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துச் சொன்னேன். கேட்டது. சிரித்தார்.

கடைசி நாள் காலை, வண்டி வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. படகுத்துறையில் போய் உட்கார்ந்தோம். ஏரி முழுக்கப் பனி, எதிர்க்கரை தெரியவில்லை. நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் என் முழங்கையைத் தொட்டார்.

"கேட்டியா?"

"என்ன?"

"ஏரிக்காரி. தூரத்துல."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவரைப் பார்த்தேன். மனதில் நினைத்ததை மறைக்க எனக்குத் தெரியாது. "மறுபடி ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றேன்.

அவருக்கு அது சுருக்கென்று தைத்தது, முகத்தில் தெரிந்தது. ஆனால் கோபித்துக்கொள்ளவில்லை. "நம்ப மாட்டேதான். கொஞ்சம் சும்மா இரு, மறுபடி கூப்பிடும்" என்றார்.

துடைக்கிற துணியைக் கீழே வைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பனிக்குள்ளே எங்கோ தண்ணீர் பலகையில் மோதியது. அப்புறம் வந்தது. அடித்தொண்டையிலிருந்து நீளமாக, எங்கேயோ இருக்கிற யாரையோ கூப்பிடுகிற குரல். ஏரி முழுக்கப் போய் எதிர்க்கரை மரங்களில் பட்டுத் திரும்பி வந்தது. அவர் காதிலிருந்து ஊசிக்குருவியின் மெல்லிய குரல் போய்விட்டாலும் இந்தக் கனத்த குரல் போகாமல் நின்றிருக்கிறது. அது என் காதில் விழுவதற்கு முன்பே அவருக்குக் கேட்டிருக்கிறது. அவர் என்னைப் பார்க்கவில்லை, பனிக்குள் சரியாக அது வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேமராவை எடுத்து அவரைப் படம் எடுத்தேன். அந்தப் பயணத்தில் நான் எடுத்ததில் உருப்படியான படம் அது ஒன்றுதான்.

"கேட்டேன்" என்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இருநூற்றெண்பத்தொன்பது என்று எழுதி, இரண்டு டிக் போட்டோம்.

நோட்டை மூடுவார் என்று நினைத்தேன். அவர் 'மறுபடி கேக்க வேண்டியது' பக்கத்தைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு, படகுத்துறை நுனிக்கு நகர்ந்து, போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டு, வலது காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"என்னப்பா, இந்நேரத்துல? அம்மா எங்க?" மகள் குரலில் தூக்கம்.

"அம்மா இங்கதான் இருக்கா. ஒரு விஷயம் சொல்லணும்மா. அன்னைக்கு நீ அந்தப் பையனப் பத்தி எனக்குப் போன்ல சொன்னே இல்ல."

"ஆமா."

"அன்னைக்கு எனக்கு ஒண்ணும் கேக்கலம்மா. காது கொஞ்ச நாளா சரியில்ல. என்ன சொன்னேன்னே தெரியாம சரின்னுட்டேன்."

அவள் மெல்லிய குரலில், "அப்ப உங்களுக்குச் சம்மதம் இல்லையாப்பா?" என்றாள்.

எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். வழக்கமான தலையாட்டல் வருகிறது என்று பயந்து நான் வாயைத் திறப்பதற்குள் அவர் போனைப் பார்த்து, "கேக்கல. மறுபடி சொல்லு, மெதுவா" என்றார்.

நாலு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை.

அவள் மறுபடி கேட்டாள். "சம்மதம்தான். தங்கமான பையன். அதுல ஒரு மாத்தமும் இல்ல" என்றார். "ஆனா நீ சொன்னத நான் கேக்கணும். அன்னைக்கு எப்படி சொன்னியோ அப்படியே மொதல்லேர்ந்து சொல்லு."

"ஐயோ, இப்பவா?" அவள் மூக்கை உறிஞ்சினாள். அழுதாளா சிரித்தாளா என்று எனக்கே தெரியவில்லை. பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள். "அப்பா, எனக்கு ஒருத்தரப் பிடிச்சிருக்குப்பா. ரெண்டு வருஷமா தெரியும். உங்ககிட்ட சொல்லத்தான் பயமா இருந்துச்சு."

"என்ன பயம்? பையன் என்ன வேல பாக்கறான்?"

"அப்பா, நீங்க அவரோட நாலு தடவ உக்காந்து சாப்பிட்டிருக்கீங்க."

"அது கெடக்கட்டும். நீ சொல்லு."

அவள் சொன்னாள். நடுவில் மூன்று முறை அவர் கேக்கல என்றார். மூன்று முறையும் அவள் கோபப்படாமல் திருப்பிச் சொன்னாள். எல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் நானும் புதிதாகக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர், "சரிம்மா. நல்லது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சாப்பிட்டியா?" என்றார்.

போனை வைத்ததும் மடியில் இருந்த நோட்டை எடுத்து, முதல் வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டார். பென்சிலை என்னிடம் நீட்டினார்.

"நீயும் கேட்டே இல்ல?"

"கேட்டேன்" என்று சொல்லி என் டிக்கைப் போட்டேன்.